இரண்டாவது வெட்டுப்புள்ளி

நான் ஒரு முக்கோணியை மறைத்தேன்.

தவறிப் போய் அல்ல. கண்ணால் கண்டேன், பென்சிலால் குறித்தேன், பிறகு அழிறப்பரால் தேய்த்து அழித்தேன். மறுநாளே பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி என் முகத்தைப் பார்த்து அதைப் பற்றிக் கேட்டாள். அப்படியொன்று இல்லவே இல்லை என்றேன்.

ஒரு முக்கோணிக்காக இவ்வளவு பெரிய பேச்சா என்று நீங்கள் நினைக்கக்கூடும். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைக்க முயன்றேன்...

நான் முல்லைத்தீவு நகரத்தில் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் படவரைஞராக இருக்கிறேன். அவர் வெளியில் போய் அளந்து வருவார். அந்த அளவுகளை வைத்துக் காணிப் படத்தைக் கீறுவது என் வேலை. கீறி முடித்ததும் அவர் கையொப்பமிடுவார். ஆரம்பத்தில் ஒவ்வொரு கோட்டையும் சரிபார்த்தார். பிறகு, என் கை பிழைக்காது என்று நம்பி, பார்ப்பதை விட்டுவிட்டார். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ரஹீம் நானா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சிறுவயதில் குடும்பத்தோடு இந்த ஊரை விட்டுப் போக நேர்ந்து, புத்தளத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்திருந்தவர். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பழைய காணிப் படத்தின் ஒரு துண்டு.

படம் இருந்த பகுதியைக் கறையான் தின்றிருந்தது. பரப்பளவு எழுதிய இடமும் இல்லை. ஓரத்தில் இருந்த அளவுப் பட்டியலில் மூன்று வரிகள் மட்டும் எஞ்சியிருந்தன.

அந்த மூன்று வரிகளை உங்களுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். என் குற்றம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

காணி முக்கோண வடிவம். முதல் மூலை, வீதியும் குளத்து வாய்க்காலும் சந்திக்கின்ற மதகடியில். இரண்டாவது மூலை, அதே வீதியோரம் அறுபது மீற்றர் தள்ளி ஒரு எல்லைக்கல்லில். மூன்றாவது மூலை வாய்க்கால் கரையில் எங்கோ. வீதிப் பக்கம் அறுபது என்பது ஒரு வரி. வீதியோரக் கல்லிலிருந்து வாய்க்கால் கரைக்கு நாற்பத்தைந்து என்பது இன்னொரு வரி. மதகடி மூலையில் நாற்பது பாகை என்பது மூன்றாவது வரி. மதகும் வீதியோரக் கல்லும் அந்தந்த இடங்களில் இருந்தன. வாய்க்கால் கரையில் இருந்திருக்க வேண்டிய கல்லைக் காணவில்லை.

இரண்டு பக்கம், ஒரு கோணம். ஒரு முக்கோணியைக் கீற வேறென்ன வேண்டும்?

நான் கணினியில்தான் வரைவேன். ஆனால் சிறிய கணக்கென்றால் முதலில் கடதாசியில் கீறிப் பார்ப்பது என் பழக்கம். வீதிக் கோட்டைக் கீறினேன். மதகடியில் நாற்பது பாகை வைத்து வாய்க்காலைக் கீறினேன். கவராயத்தை நாற்பத்தைந்துக்கு விரித்து, அதன் கூர்முனையை வீதியோரக் கல்லில் ஊன்றி, வில்லைச் சுழற்றினேன்.

வில் வாய்க்காலை வெட்டியது. கை நிற்காமல் சுழன்றது. வில் மறுபடியும் வெட்டியது.

இரண்டு இடங்கள்... மதகிலிருந்து இருபத்துமூன்று மீற்றரில் ஒன்று. அறுபத்தொன்பது மீற்றரில் மற்றது.

என் மனதில் முதலில் எழுந்தது பயமல்ல. வியப்பு. பத்தாம் ஆண்டில் ஒருங்கிசைவுப் பாடம் படித்திருக்கிறேன். மூன்று பக்கங்களும் சமமென்றால் இரண்டு முக்கோணிகள் ஒருங்கிசையும். இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் சமமென்றாலும் ஒருங்கிசையும். அந்த ‘இடைப்பட்ட’ என்ற சொல்லை நான் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருந்தேனே தவிர, அது ஏன் அங்கே நிற்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது அது மேசையில் கிடந்தது. ஒரே மூன்று அளவுகள். இரண்டு வெவ்வேறு காணிகள். ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு.

எவ்வளவு அழகான விஷயம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான், அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

பெருமாள் அண்ணனின் கிணறு இருக்கிறது.

பெருமாள் அண்ணனும் அவர் மனைவி வள்ளியும் அந்தக் காணியை ஒட்டியிருந்த நிலத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கச்சானும் மிளகாயும் போட்டு வந்தார்கள். மலையகத் தோட்டமொன்றிலிருந்து உயிர் பிழைக்க ஓடி வந்த குடும்பம். அவர்கள் வந்தபோது அங்கே ஆளும் இல்லை, வேலியும் இல்லை. காட்டை வெட்டி, கையால் கிணறு தோண்டி, தாங்களாக ஒரு வேலி போட்டார்கள். அந்த வேலி ஏறக்குறைய சின்ன முக்கோணியின் எல்லையில் நின்றது.

என் அப்பாவும் அதே வழியில் வந்தவர். தோட்டத்திலிருந்து ஒரு பெட்டியோடு வன்னிக்கு வந்து, கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர். பள்ளிக்கூடத்தில் எங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அதனால்தான் செய்தேனா? பெருமாள் அண்ணன் எங்கள் ஆள் என்பதாலா? அன்றைக்குக் கேட்டிருந்தால் இல்லையென்று சத்தியம் செய்திருப்பேன். எல்லோருக்கும் சச்சரவில்லாமல் முடியட்டும் என்று நினைத்ததாகச் சொல்லியிருப்பேன். வேலி நிற்கிற இடத்தில் எல்லை வந்தால் யாருக்கு நட்டம் என்று உங்களையே திருப்பிக் கேட்டிருப்பேன்.

தூரப் புள்ளியை அழித்தேன். கிட்டப் புள்ளியை வைத்துப் படத்தை முடித்தேன்.

மறுநாள் காலையில் இரண்டு தரப்பையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தோம். அளவையாளர் ஐயா ஒட்டுசுட்டானுக்கு வேறு வேலையாகப் போய்விட்டார். படத்தைக் காட்டி விளங்கப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. பெருமாள் அண்ணனும் வள்ளியும் வெளி வாங்கில் இருந்தார்கள். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. ரஹீம் நானா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் ஷிபானா. பள்ளிச் சீருடையில் இருந்தாள். இதை முடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போக வேண்டுமாம்.

நான் படத்தை விரித்தேன். ரஹீம் நானா நெடுநேரம் பார்த்தார்.

“இவ்வளவுதானா பிள்ளை?” என்றார். “எனக்கு வாய்க்கால் கரையால கனதூரம் நடந்த ஞாபகம்.”

“அப்ப நீங்கள் சின்னப் பிள்ளைதானே நானா. சின்ன வயசில எல்லாம் தூரமாத்தான் தெரியும்.”

அவர் அதை ஏற்றுக்கொள்பவர் போலத் தலையாட்டினார். அப்போது ஷிபானா தன் கொப்பியைத் திறந்தாள். அந்த மூன்று வரிகளையும் அதில் எழுதி வைத்திருந்தாள்.

“அக்கா, ஒண்டு கேக்கலாமா?”

“கேளுங்கோ.”

“இதில கோணம் ரெண்டு பக்கத்துக்கும் நடுவில இல்லைத்தானே. அப்பிடியெண்டா ஒருங்கிசையும் எண்டு சொல்லேலாது எண்டு எங்கட டீச்சர் படிப்பிச்சவா. இன்னொரு முக்கோணியும் வரலாமோ?”

அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள ஆசைப்பட்டாள். முதல் நாள் மேசையில் எனக்கு வந்த அதே வியப்பு அவள் கண்ணில் இருந்தது. அந்த இடத்தில் அதைப் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

வெளியில் வள்ளி இருமினாள். நான் சொன்னேன்:

“வராது தங்கச்சி. இந்த அளவுக்கு இது ஒண்டுதான் வரும்.”

“டீச்சர்...”

“பள்ளிக்கூடப் படம் வேற, காணிப் படம் வேற. நான் பத்து வருஷமா இதைத்தானே செய்யிறன்.”

அவள் கொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மூடினாள்.

“சரி அக்கா” என்றாள்.

இந்த ‘சரி அக்கா’வைத்தான் நான் ஒன்பது வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆட்சேபம் தெரிவிக்க அவர்களுக்குச் சில வாரங்கள் இருந்தன. யாரும் வரவில்லை. படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கிணறும் அதைச் சுற்றிய நிலமும் பெருமாள் அண்ணனின் அனுமதிப்பத்திரத்துக்குள் வந்தன. அவர்களுக்கு வீட்டுத்திட்டம் கிடைத்து, கிணற்றடியிலேயே கல்வீடு எழும்பியது. ரஹீம் நானாவுக்குக் கிடைத்தது மதகடியில் ஒரு ஒடுங்கிய துண்டு. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வீதி. மாரியில் தண்ணீர் ஏறி நின்றது. இரண்டு வருடம் ஒரு தகரக் கொட்டிலில் இருந்து பார்த்தார்கள். பிறகு வவுனியாவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இந்தக் காலம் முழுவதும் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வெட்கமாக இருக்கிறது... நான் முக்கோணிகளைக் கீறிக்கொண்டிருந்தேன்.

வேலை இல்லாத நேரங்களில் கடதாசியை எடுத்து அதே கணக்கை வெவ்வேறு அளவுகளில் செய்வேன். இரண்டாவது பக்கத்தை முப்பதாக்கினால் வில் வாய்க்காலைத் தொடவே தொடாது, முக்கோணியே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனால், சரியாக ஓரிடத்தில் தொட்டுக்கொண்டு மட்டும் போகும். அங்கே செங்கோணம் வரும், முக்கோணி ஒன்றே ஒன்று. அதையும் தாண்டினால் இரண்டு. அறுபதுக்கு மேலே போனால் மறுபடி ஒன்று. முப்பதென்றால் எதுவுமில்லை, எழுபதென்றால் ஒன்றுதான். நாற்பத்தைந்தாக ஏன் இருந்தது?

குற்றவுணர்வு என்று நான் நம்பியது பாதியளவு இந்த ஆர்வம்தான். அது எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம் தந்தது. கணக்கைப் பற்றி யோசிக்கும்போது மனிதரைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

உண்மையான கல் எங்கே இருந்தது என்பதையும் தேடினேன். பெருமாள் அண்ணன் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுதில் அந்த வாய்க்கால் கரையோரம் நடந்தேன். அறுபத்தொன்பதாவது மீற்றரில் மண்வெட்டியால் கிளறிப் பார்த்தேன். இருபத்துமூன்றிலும் கிளறினேன். குளம் திருத்தியபோது இயந்திரம் விட்டுக் கரையை உயர்த்திவிட்டார்கள். இரண்டு இடத்திலும் புது மண். ஒன்றும் அகப்படவில்லை. பழைய படத்தின் மூலப்பிரதியைத் தேடி இரண்டு அலுவலகங்களுக்குப் போனேன். இல்லை என்றார்கள்.

இதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்: நான் கீறிய சின்ன முக்கோணியே சரியானதாக இருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. நான் பொய்யைச் சொன்னேனா, உண்மையைப் பொய்யான வழியில் சொன்னேனா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் அந்தப் பிள்ளை கேட்டாள்.

போன வருடம் என் மகள் பத்தாம் ஆண்டுக்கு வந்தாள். ஒரு பின்னேரம் குசினியில் நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கும்போது கணிதப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

“அம்மா, ரெண்டு பக்கமும் இடையில இல்லாத கோணமும் சமனெண்டா ஏன் ஒருங்கிசையாது? மிஸ் சும்மா பாடமாக்கச் சொல்லிப்போட்டா.”

கத்தியை வைத்துவிட்டு அவளுக்குக் கீறிக் காட்டினேன். அளவுகளை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கை தானாகவே அறுபது, நாற்பத்தைந்து, நாற்பது பாகை என்று போட்டது. கவராயத்தை அவளிடமே கொடுத்தேன்.

“ரெண்டு இடத்தில வெட்டுது அம்மா” என்றாள். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. “அப்ப ரெண்டும் சரியோ?”

“ரெண்டும் சரி.”

“அப்ப எது எண்டு எப்பிடித் தெரியும்?”

“வேறொரு அளவு வேணும். அது இல்லாட்டி, தெரியாது எண்டுதான் சொல்லவேணும்.”

எவ்வளவு இலகுவாகச் சொன்னேன்! அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் திருப்தியோடு எழுந்து போய்விட்டாள். நான் வெட்டிய மரக்கறியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். ரஹீம் நானா அங்கே சைக்கிள் திருத்துகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. முன்னால் ஷிபானா இருந்தாள். இருபத்துமூன்று வயது இருக்கும். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். முடித்ததும், “அண்டைக்குப் பின்னேரம் வீட்டை போய்த் திருப்பிக் கீறினனான்” என்றாள்.

“ரெண்டு வந்ததா?”

“ஓம். மூண்டு தரம் கீறினன். மூண்டு தரமும் ரெண்டு வந்தது. என்ர கவராயம் லூசாக்கும் எண்டு நினைச்சன்.” அவள் கடை வாசலைப் பார்த்தபடி பேசினாள். “வாப்பா ஆட்சேபம் எழுதத்தான் இருந்தவர். நான்தான் வேணாமெண்டு சொன்னனான். அந்த அக்கா பத்து வருஷமா செய்யிறா, அவவுக்குத் தெரியாதா எண்டு.”

“தங்கச்சி...”

“கணக்கு எனக்கு நல்ல விருப்பம். அதுக்குப் பிறகு கணக்கில எது வந்தாலும் நான் பிழையாச் செய்திருப்பன் எண்டுதான் முதல்ல நினைப்பன். இப்பவும் அப்பிடித்தான்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

ரஹீம் நானா உள்ளேயிருந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார். மகள் அவருக்கு இரண்டு வசனத்தில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப எது பிள்ளை எங்கட?”

“தெரியாது நானா.”

“தேடிப் பாத்தீங்களா?”

“பாத்தனான். கல்லும் இல்லை, படமும் இல்லை.”

யாரோ சில்லில் காற்றடிக்க வந்தார்கள். அவர் திரும்பிப் போய்ப் பம்பை எடுத்தார்.

ஷிபானா கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன் வைத்தாள்.

“எழுதித் தாங்கோ அக்கா. ரெண்டு வரும் எண்டு. உங்களுக்கு அண்டைக்கே தெரியும் எண்டும்.”

எழுதினேன். கையொப்பமிட்டேன். அதை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது. சொல்லிவிட்டேன், இனி முடிந்தது என்று ஒரு நினைப்பு. இந்த நினைப்பையும் என் குற்றங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்துப் பெருமாள் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரதேச செயலகத்திலிருந்து வந்த கடிதம் கையில். அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.

“என்னமோ எல்லையப் பத்தி விசாரணைன்னு எழுதியிருக்காம்” என்றார். “நீதானே தாயி அந்தப் படத்தப் போட்ட. ஒனக்குத் தெரியும்தானே. ஒண்ணும் இல்லைதானே?”

நான் அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னேன். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். பிறகு கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

“இருக்கு அண்ணே” என்றேன்.

அவருக்கும் சொன்னேன். கடதாசியில் கீறிக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கிணறு எங்கே என்று கேட்டார். பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். வீடு எங்கே என்று கேட்டார். அதற்கும் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டும் அந்த இரண்டு வெட்டுப்புள்ளிகளுக்கும் நடுவில்தான் விழுந்தன.

“அப்பவே சொல்லியிருந்தா வீட்ட அங்கிட்டு கொஞ்சம் தள்ளிக் கட்டியிருப்பேனே தாயி” என்றார்.

கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். படியிறங்கிப் போனார். தேத்தண்ணி தொடப்படாமல் ஆறிக்கிடந்தது.

விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. என்னையும் கூப்பிடுவார்கள். அந்தப் படத்தில் கையொப்பமிட்ட அளவையாளர் ஐயா அலுவலகத்தை இன்னொருவரிடம் விட்டுவிட்டு இப்போது வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார். தொலைபேசியில் சொன்னேன், பாதியிலேயே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை.

இரண்டு குடும்பமும் ஒரே அறையில் இருக்கும். எது சரியென்று அதிகாரி என்னிடம் கேட்பார். இரண்டையும் கீறிக் காட்டுவேன். எது என்று தெரியாது என்பேன். அவர் மறுபடியும் கேட்பார்... எனக்குத் தெரியாது.